அக்கா பாதி பார்த்த மிருகம்

என் அக்கா ஒரு மிருகத்தின் பின்பாதியை மட்டும் பார்த்தவள். குட்டை வால், தடித்த இரண்டு பின்னங்கால்கள், கொஞ்சம் வயிறு. மிச்சத்தை மண்ணும் புல்லும் மூடியிருந்தன. அதை முழுதாகப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்குக் கடைசிவரை இருந்த ஆசை. ஆசை என்று சொன்னால் பெரிய வார்த்தையாகத் தெரியலாம். கோயில் குளம், வெளிநாடு, பட்டுப்புடவை என்று எதையும் அவள் கேட்டதில்லை. இந்த ஒன்றைத்தான் கேட்டாள்.

அக்கா வங்கியில் அதிகாரி. வங்கிக்காரர்களுக்குப் பதவி உயர்வு கொடுக்கும்போதே ஊரைவிட்டுத் தூக்கியும் அடிப்பார்கள். அப்படி அவளைப் புணேயிலிருந்து ரத்னகிரிப் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு மாற்றினார்கள். அத்தானுக்குப் புணேயை ஒட்டிய சாகணில் வேலை. டீசல் எஞ்சினுக்கு கிராங்க் ஷாஃப்ட் செய்யும் தொழிற்சாலையில் அந்த உற்பத்தி வரிசை முழுவதும் அவர் பொறுப்பு. விட்டுவிட்டுப் போக முடியாது. பிள்ளைகள் இல்லை. அதனால் மூன்று வருஷம் அவள் அங்கே, அவர் இங்கே என்று ஓடியது. மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்து, ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து, அத்தானைத் திட்டிவிட்டுப் போவாள். புணேயின் மறுகோடி ஹடப்சரில் தனியாக இருக்கும் எனக்கும் அதே பஸ் பயணத்தில் ஒரு பங்கு திட்டு உண்டு.

அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குப் பொழுது போகவில்லை. அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு துடைப்பமும் பிரஷ்ஷுமாக மேட்டுநிலத்துக்குப் போவதைப் பார்த்து இவளும் கூடப் போனாள். கொங்கணத்தில் மலைக்கும் கடலுக்கும் நடுவே செம்புரைக்கல் மேடுகள் பரந்து கிடக்கின்றன. ‘சடா’ என்கிறார்கள். மழை மாதங்களில் புல் மூடும். மற்ற மாதங்களில் கறுத்த வெறும் கல்தரை. அந்தத் தரையில் படுக்கைவாக்கில் உருவங்கள் செதுக்கியிருக்கிறார்கள். யானை, புலி, திருக்கைமீன், கைகளைத் தொங்கவிட்டு விறைப்பாக நிற்கும் மனிதர்கள், இன்னதென்று சொல்ல முடியாத கட்டங்கள். யார் செதுக்கினார்கள், எதற்கு, எந்தக் காலத்தில் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். உண்மையில் யாருக்கும் தெரியாது. எழுத்து இல்லை, கோயில் இல்லை, கதைகூட இல்லை. மாடு மேய்ப்பவர்கள் அதன்மேல் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஓர் உருவத்தின் முதல் கோட்டை யார் கண்டெடுத்தாரோ அவர்தான் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். மற்றவர்கள் கை வைக்க மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள், துடைப்பத்தைத் தொட மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் பிரஷ்ஷில் ஒரு வளைவு தட்டியது. வால். அதற்குப்பின் ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தாள். மிருகத்தின் வயிறு வரைக்கும் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அதே மழையில் புணேக்கு மாற்றல் உத்தரவும் வந்தது.

ஒரு வருஷம் அந்தக் கூட்டம் அவளுக்காகக் காத்திருந்தது. புல்வேர் கல்லைப் பிளந்துவிடும் என்று வாத்தியார் பிறகு போன் செய்து அனுமதி கேட்டார். அக்கா, “நீங்களே முடிச்சுருங்க சார். ஆனா போட்டோ மட்டும் அனுப்பாதீங்க. நான் வந்து பாக்கேன்” என்றாள். இதை அவள் மராத்தியில்தான் சொன்னாள். எங்களிடம் திருப்பிச் சொன்னது இப்படி.

“போட்டோல பாத்தா என்னக்கா குறைஞ்சா போவ?” என்று நான் கேட்டேன்.

“ஏட்டி, பொண்ணு பாக்கப் போனவன் போட்டோ பாத்துட்டுத் திரும்பி வருவானா?” என்றாள்.

அது என்ன மிருகம் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தீராத சண்டை. அக்கா யானை என்பாள். குட்டை வாலைக் காரணம் காட்டி நான் காட்டுப்பன்றி என்பேன். அத்தான் எருமை என்று அடித்துச் சொல்வார். “பின்பக்கத்தைப் பாத்தே சொல்லிருவேன். தினமும் சாகண் ரோட்டுல எனக்கு முன்னால அதான் போவுது” என்பார். சாப்பாட்டு மேஜையில் வேறு பேச்சு இல்லாத நாளெல்லாம் இந்தப் பேச்சு வரும். சொல்லிச் சொல்லியே வருஷங்கள் போயின. அம்மா படுத்த படுக்கையானாள். பிறகு ஊரடங்கு. பிறகு அத்தானுடைய தொழிற்சாலையில் ஏதேதோ பிரச்சினை. போக வேண்டும் போக வேண்டும் என்பாள், போக மாட்டாள். “கல்லு எங்க ஓடிரப் போவுது? மெதுவாப் பாத்துக்கிடலாம்” என்பாள். கல் ஓடவில்லை என்பது நிஜம்தான்.

மார்பில் வந்த புற்றுநோய், போய்விட்டது என்று சொல்லப்பட்டு, பிறகு எலும்பில் திரும்பி வந்தது. இதற்குமேல் மருத்துவம் பற்றி எனக்கு எழுதப் பிடிக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவளுக்குக் கார் ஆடினால் தாங்காது. அத்தானிடம் இருந்தது பழைய டீசல் வண்டி. அது நின்றுகொண்டிருக்கும்போதே உடம்பெல்லாம் உதறும். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அவள் துப்பட்டா முனையைக் கடித்துக்கொள்வாள். அத்தான் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்.

அப்போதுதான் ஊரெல்லாம் மின்சாரக் கார் பேச்சு. சாலை வரி கிடையாது, விலையில் தள்ளுபடி, பச்சை நம்பர் பலகை வைத்த வண்டிக்கு சில டோல் கேட்டில் காசு வேண்டாம், நெடுஞ்சாலை முழுக்க சார்ஜிங் நிலையம் வரும் என்று அரசாங்கம் அறிவிப்பு மேல் அறிவிப்பாக விட்டது. ஆகுர்டி மேம்பாலத்தில் தலைவர்கள் கைகூப்பிச் சிரிக்கும் பலகைகள். நான் அரசாங்க ஆபீசில் வேலை பார்ப்பவள். ஒரு கொள்கை முடிவு காகிதத்திலிருந்து இறங்கி ரோட்டுக்கு வர எத்தனை கையெழுத்தைத் தாண்டியாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால் நான் எதையும் நம்பவில்லை. அத்தானுக்கோ கோபம். அவர் செய்கிற கிராங்க் ஷாஃப்ட் மின்சாரக் காருக்குத் தேவையே இல்லை. அவருடைய வரிசையிலிருந்து ஆட்களை எடுத்துப் பக்கத்து ஷெட்டில் மோட்டார் செய்யப் போட்டுக்கொண்டிருந்தார்கள். “பொம்மை வண்டி. ரிமோட் மட்டும்தான் இல்ல” என்பார். அந்த வண்டியில் ஏறினால் தன் ஆட்களின் வயிற்றில் தானே அடித்த மாதிரி என்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகையில் ஒரு ஷோரூம் வாசலில் வண்டியை நிறுத்தினார். அக்காவை மெதுவாக மின்சாரக் காரில் மாற்றி உட்கார வைத்து, அந்த ரோட்டிலேயே குண்டும் குழியுமான பகுதியாகப் பார்த்து ஒரு சுற்று ஓட்டினார். பின்சீட்டில் நான். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தாள். பிறகு திறந்தாள்.

“ஆடவே இல்லியே!” என்றாள்.

அத்தான் அன்றைக்கே பணம் கட்டிவிட்டார். அவருடைய தொழிற்சாலையில் யாரும் அவரோடு சரியாகப் பேசவில்லை என்று பிறகு தெரிந்தது. அதைப்பற்றி அவர் வீட்டில் மூச்சு விடவில்லை.

டாக்டர் அக்காவை உட்காரவைத்து, எங்கேயாவது போக வேண்டும் என்றால் இப்போதே போய்விட்டு வாருங்கள் என்றார். டாக்டர்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அக்கா மட்டும்தான் சிரித்தாள். “எருமையா யானையான்னு முடிவு பண்ணிருவோம்” என்றாள்.

வெயில் ஏறுவதற்கு முன்பு போய்விட வேண்டும் என்று பிப்ரவரியில் கிளம்பினோம். சாத்தாரா, கராட் வழியாகப் போய், மலைப்பாதையில் இறங்கினால் கொங்கணம். பின்சீட்டில் தலையணைகளை அடுக்கி அக்காவைச் சாய்த்துவிட்டு அவள் கால்களை என் மடியில் வைத்துக்கொண்டேன். புளியோதரையும் தயிர்சாதமும் முன்சீட்டில் அத்தானுக்குப் பக்கத்தில் இருந்தன. அக்கா பல நாளைக்குப் பிறகு பொட்டு வைத்திருந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். “வாத்தியாருக்கு என்னை அடையாளம் தெரியுமா? தலைல ஒரு முடி இல்ல” என்று கேட்டு அவளே சிரித்தாள்.

கராட்டில் சார்ஜ் போட நின்றோம். இரண்டு இயந்திரங்களில் ஒன்று பழுது, மற்றொன்றுக்கு முன்னால் இரண்டு வண்டிகள். எங்கள் முறை வந்து, முக்கால்வாசி ஏறுவதற்குள் அக்காவுக்கு உட்கார முடியவில்லை. மலைக்குக் கீழே தாலுகா ஊரில் இன்னொரு சார்ஜிங் நிலையம் இருப்பதாக போனில் பச்சைப் புள்ளி காட்டியது. அங்கே போட்டுக்கொள்ளலாம் என்று அத்தான் ஒயரைப் பிடுங்கிவிட்டார். மலையில் இறங்கும்போது பேட்டரியில் சார்ஜ் தானாகவே ஏறியது. பிரேக்கை அழுத்த அழுத்த எண் கூடிக்கொண்டே வந்தது. அத்தான் அதைப் பார்த்துக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். “இங்க பாரேன், இறங்கினா திருப்பிக் குடுக்கான்! எந்த எஞ்சின் குடுக்கும்?” என்றார். அந்த வண்டியை அவர் மனதார ஏற்றுக்கொண்டது அந்த மலைப்பாதையில்தான் என்று நினைக்கிறேன்.

தாலுகா ஊரில், அரசாங்க ஓய்வு விடுதி வளாகத்தில் போன் காட்டிய இடத்துக்குப் போனோம். திறப்புவிழா பேனர் பெரிதாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நீல பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு இயந்திரம். காவல்காரர் எழுந்து வந்தார்.

“கனெக்‌ஷன் பாக்கி ஆஹே” என்றார். மின் இணைப்பு இன்னும் கொடுக்கவில்லையாம். அடுத்த மாதம் வந்துவிடும் என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு இல்லை அது.

பக்கத்து ஹோட்டல்காரர் தன் கடையில் இருக்கும் சாதாரண பிளக்கில் போட்டுக்கொள்ளச் சொன்னார். அப்படிப் போட்டால் போதுமான அளவு ஏறுவதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். அக்காவுக்குப் படுக்க இடமில்லை. வாத்தியார் மேட்டில் காத்திருந்தார். இருக்கிற சார்ஜில் ஓடும் என்று வண்டியின் திரை காட்டிய தூரம் நாங்கள் போக வேண்டிய தூரத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

“ரிசர்வ் இருக்கும்” என்றார் அத்தான்.

“இது என்ன பெட்ரோல் வண்டியா அத்தான்?” என்றேன்.

“எந்தக் கம்பெனிக்காரனும் ஜீரோன்னா ஜீரோல வண்டிய நிறுத்த மாட்டான். பின்னால கொஞ்சம் ஒளிச்சு வச்சிருப்பான். முப்பது வருஷமா இதத்தான பாக்கேன். ரிசர்வ் இல்லாத வண்டி உலகத்துல கிடையாது.”

எஞ்சினில் வாழ்ந்த மனிதருக்கு அது சாமி கும்பிடுவது போன்ற நம்பிக்கை. முள் கீழே இறங்கியபிறகும் வண்டி ஓடும். ஓடித்தான் அவர் பார்த்திருக்கிறார். ஸ்கூட்டர் காலத்திலிருந்து ரிசர்வில் திருப்பிவிட்டு வீடு வந்து சேர்ந்தவர். அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். “என்னம்மா சொல்லுத? போவமா, நிப்பமா?”

“போவோம்ங்க. இம்புட்டுத் தூரம் வந்துட்டோம்” என்றாள் அக்கா.

அவர் மறுபடியும் கேட்டார். அவள் மறுபடியும் போவோம் என்றாள். இதை நான் எழுதியாக வேண்டும். ஏனென்றால் பல மாதங்கள் நான் இந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏசியை அணைத்து, ஜன்னல்களை இறக்கிவிட்டு, மேட்டுநிலத்துக்கு ஏறினோம். ஏற்றத்தில் எண் மளமளவென்று இறங்கியது. திரையில் ஒரு ஆமைப் படம் வந்தது. வண்டி ஊர்ந்தது.

“பாத்தியாட்டி, கல்லுல செதுக்காம விட்ட மிருகம் இங்க வந்து உக்காந்துருக்கு” என்றாள் அக்கா. மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வண்டி நின்றுவிட்டது.

சுற்றிலும் கறுத்த கல். ஒரு மரம் இல்லை. போனில் சிக்னல் இல்லை. எதிரே ஒரு திருப்பம். அதைத் தாண்டினால் இடம் தெரியும் என்று அக்கா அடையாளம் சொன்னாள். மூன்று வருஷம் நடந்த இடம் அவளுக்கு. நான் ஓடிப்போய் வாத்தியாரைக் கூட்டி வருகிறேன் என்றேன். வாத்தியாரின் மோட்டார் சைக்கிளில் அவளை உட்கார வைக்க முடியாது, வேறு வண்டிக்கு யாராவது ஊருக்குள் போய் வர வேண்டும் என்று அத்தான் கணக்குப் போட்டார். வண்டிக்குள் வெக்கை ஏறிக்கொண்டிருந்தது. அக்கா கதவைத் திறந்தாள்.

“உள்ள இருந்தா வெந்துருவேன். கொஞ்சம் நடந்து பாக்கேன்” என்றாள்.

வேண்டாம் என்று இருவரும் சொன்னோம். அவள் கேட்கவில்லை. அத்தான் தோளைப் பிடித்துக்கொண்டு, நான் மறுபுறம் தாங்கிக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக வைத்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். திருப்பம் வரைக்கும்கூடப் போகவில்லை. விறகு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னங்க, காலு என்னமோ ஆயிட்டு” என்றாள்.

தொடை எலும்பு. உள்ளே ஏற்கனவே அரித்துப்போயிருந்த எலும்பு. அத்தான் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, சட்டையைக் கழற்றி அவள் முகத்துக்கு மேலே கூடாரம் மாதிரி பிடித்தார். நான் ஓடினேன். வாத்தியார் பைக்கில் போய் முந்திரி மூட்டை ஏற்றும் பிக்அப் ஒன்றைப் பிடித்து வந்தார். மூட்டைகளை இறக்கிவிட்டுச் சாக்குகளை விரித்து அவளைக் கிடத்தினோம். ஆஸ்பத்திரி எதிர்த்திசையில் இருந்தது. வண்டி திரும்பியபோது அக்கா தலையைத் தூக்கி அந்தத் திருப்பத்தைப் பார்த்தாள். நான் அவள் நெற்றியில் கை வைத்துப் படுக்க வைத்தேன்.

ரத்னகிரியில் கட்டுப்போட்டு, ஆம்புலன்சில் புணேக்குக் கொண்டுவந்து, கம்பி வைத்தார்கள். அவள் அதற்குப்பிறகு எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வைத்து அத்தானிடம், “உங்க ரிசர்வ்தான் அவள இங்க கொண்டாந்து போட்டிருக்கு” என்று சொன்னேன். அவர் டீ வாங்கப் போனார். எனக்கும் சேர்த்துத்தான் வாங்கி வந்தார். நான் குடிக்கவில்லை.

அத்தான் வாத்தியாரிடம் கேட்டு அந்த உருவத்தின் போட்டோவைப் போனில் வாங்கியிருந்தார். அவர் அதைப் பார்க்கவில்லை, கேட்டு மட்டும் வாங்கினார். ஒருநாள் அக்காவின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “வந்துருக்கு. பாக்கியா?” என்றார்.

அக்கா போனைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

“வேண்டாங்க. கால் சரியாவட்டும். நான் போய்ப் பாத்துக்கிடுதேன்.”

மழை தொடங்கிய வாரத்தில் போய்விட்டாள். அத்தான் தன் போனிலிருந்து அந்தப் போட்டோவைத் திறக்காமலே அழித்துவிட்டார்.

காரியங்கள் முடிந்தபிறகு நான் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். ஹடப்சருக்கும் சாகணுக்கும் நடுவே ஒரு ஊரே இருக்கிறது, பேசாமல் இருப்பது சுலபம். பண்டிகைக்கு அவர் போன் செய்தால், சாப்பிட்டீங்களா என்று கேட்டு, அவர் உம் என்றதும் வைத்துவிடுவேன். பச்சை நம்பர் பலகை வைத்த வண்டி எதைப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரிந்தது. சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வண்டி என்ன பண்ணும் பாவம்!

தீபாவளிக்குப் பிறகு வாத்தியார் எனக்குப் போன் செய்தார். மேட்டில் புல் காய்ந்துவிட்டது, இந்த வருஷத்துச் சுத்தம் செய்யும் வேலையைத் தொடங்கப்போகிறோம் என்றார். ஒவ்வொரு வருஷமும் ஓர் உருவத்தின்மேல் முதல் துடைப்பம் அதைக் கண்டெடுத்தவருடையதாக இருக்க வேண்டுமாம். “தாயி இல்லை. அவர் வீட்டிலிருந்து யாராவது வந்தால் நன்றாக இருக்கும்” என்றார். தாயி என்றால் மராத்தியில் அக்கா, அந்தக் கூட்டம் அவளை அப்படித்தான் கூப்பிடும். தங்கை நான் போகலாம். ஆனால் வீடு என்றால் அது அத்தான்தான். அவருக்குச் சொல்லாமல் போக என் கோபத்தாலும் முடியவில்லை. போன் செய்தேன்.

“வாரேன்” என்று மட்டும் சொன்னார்.

அதே காரில் போனோம். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். பின்சீட்டில் யாரும் இல்லை, தலையணைகளும் இல்லை. வழியில் தென்பட்ட ஒவ்வொரு சார்ஜிங் நிலையத்திலும் அவர் நிறுத்தினார். தேவை இருக்கிறதோ இல்லையோ, நிறுத்தி, முழுதாக ஏறும்வரை பக்கத்தில் நின்றார். எனக்கு எரிச்சலாக வந்தது, ஆனால் சொல்லவில்லை. தாலுகா ஊரில் ஓய்வு விடுதி வளாகத்துக்குள் வண்டியைத் திருப்பினார். பேனர் கிழிந்து போயிருந்தது. நீலத் தாளைக் காணோம். இயந்திரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கனெக்‌ஷன் வந்துவிட்டது. அத்தான் இறங்கி அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். அங்கேயும் சார்ஜ் போட்டார்.

வண்டி திருப்பத்தைச் சாதாரணமாகத் தாண்டியது. தாண்டியதும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கற்களை வட்டமாக வைத்து ஓர் இடத்தை அடையாளப்படுத்தியிருந்தது தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில். அத்தான் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கொஞ்சம் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் வந்து அவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்.

அத்தான் குனிந்து வாலிலிருந்து ஆரம்பித்தார். காய்ந்த புல்லையும் தூசியையும் தள்ளத் தள்ளக் கோடு தெரிந்தது. விரல் அகலத்துக்கு ஆழமான கோடு. அக்கா சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம் ஆகியிருந்த வால், பின்னங்கால்கள், வயிறு. ஓர் இடத்தில் வாத்தியார் குனிந்து கையை வைத்துக் காட்டினார். “தாயி இதுவரைதான் வந்தார்.” அந்த இடத்தில் கல்லின் நிறம் கொஞ்சம் மாறியிருந்தது. அதற்கு மேலே பிறகு திறந்த பகுதி, சற்றுச் சிவப்பாக.

அத்தான் துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

“இதுக்கு மேல நான் பாக்க மாட்டேன்” என்றார்.

“இவ்வளவு தூரம் வந்துட்டு என்ன அத்தான் இது?”

“அவ பாக்கல. நான் பாக்க மாட்டேன். நீ பாரு. எங்கிட்ட சொல்லாத.”

கல் வட்டத்தைவிட்டு விலகிப்போய், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். எனக்கு ஆத்திரம். யாருக்கு வேண்டும் இந்த விரதமெல்லாம் என்று நினைத்தேன். துடைப்பத்தை எடுத்து வேகவேகமாகத் தள்ளினேன். முன்னங்கால்கள் வந்தன. தடித்த கழுத்து. கீழே தொங்கிய தலை. மூக்கின்மேல் ஒரு கொம்பு.

காண்டாமிருகம்.

யானையும் இல்லை, எருமையும் இல்லை, பன்றியும் இல்லை. எங்களில் ஒருவர்கூட நினைக்காத ஒன்று. இந்தப் பக்கத்துக் காடுகளில் இப்போது காண்டாமிருகம் கிடையாது என்றார் வாத்தியார். செதுக்கியவர் கண்ணால் பார்க்காமல் இப்படிச் செதுக்கியிருக்க முடியாது என்றும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை வருஷச் சண்டை! சிரித்துக்கொண்டே “அக்கா” என்று திரும்பினேன். நிஜமாகவே வாய்விட்டு அப்படித்தான் கூப்பிட்டேன். அங்கே கட்டம்போட்ட சட்டை போட்ட ஒரு முதுகுதான் இருந்தது.

அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் பார்த்திருக்க வேண்டியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் ஒரு உரிமையும் கிடையாது. பார்த்ததைத் திருப்பிக் கொடுக்க முடியுமானால் அந்த நிமிஷமே கொடுத்திருப்பேன். வாத்தியார் தண்ணீர் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் அத்தான் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. மலைப்பாதை ஏறும்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. பாதி மலையில் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

“என்னன்னு சொல்லாத. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அவளுக்குப் பிடிச்சிருக்குமா?”

நான் திரும்பி வெறும் பின்சீட்டைப் பார்த்தேன்.

“ரொம்பப் பிடிச்சிருக்கும் அத்தான்” என்றேன். “நம்ம மூணு பேரையும் கேலி பண்ணியே ஒரு வருஷம் ஓட்டியிருப்பா.”

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரம் கட்டினார். டீசல் வண்டியாக இருந்தால் எஞ்சின் உறுமிக்கொண்டு இருந்திருக்கும். இதில் எதுவும் இல்லை. அவர் அழுதது முழுவதும் கேட்டது.